மூஞ்சியில ரெண்டு கோடு

அதெல்லாம் என்ன மேல வுட மாட்டாங்க சார். கேட்டுப் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். பொங்கலுக்கு அப்பறம் பாக்கலாம்னுட்டாரு முதலாளி. எந்தப் பொங்கல்னு சொல்லல... உக்காருங்க சார். அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. உங்க வூட்டம்மா மேல பட்டு செக்‌ஷன்ல தானே? பொண்ணு கல்யாணமா? ஆங்... நீங்க படிக்கட்டுல எறங்கி வந்த வேகத்துலயே தெரிஞ்சுது. அப்ப நேரம் நெறய கெடக்குது சார். முகூர்த்தப் புடவைக்கு ஏறினவங்க சாப்பாட்டு நேரத்துக்கு முன்ன எறங்கினதா இந்தக் கடையில சரித்திரமே இல்ல. வேஷ்டிய அப்பறமா எடுத்துக்கலாம். அது எங்க போவப் போவுது, என்ன மாரியே இங்கயே தான் கெடக்கும்.

சிரிக்கறீங்களா? சிரிங்க சிரிங்க. ஆனா ஒன்னு, சிரிச்சா கோடு வுழும். நான் சொல்லல, வீடியோல சொல்றாங்க. மூக்கு ஓரத்துலேர்ந்து வாய் ஓரம் வரைக்கும்... இதோ, இப்டி எறங்குது பாருங்க, ரெண்டு பக்கமும். இந்த ரெண்டு கோட்டால தான் சார் நான் பட்டுலேர்ந்து பனியனுக்கு எறங்கி வந்தேன்.

பேரு கண்ணாயிரம். மேல யாரை வேணா கேளுங்க, கண்ணாயிரம் புடவை விரிக்கறதப் பாக்கவே ஜனம் நிக்கும். மீசை மொளைச்ச வயசுல இந்தக் கடையில சேந்தவன். மடிப்பப் பிரிச்சு, முந்திய அப்டியே ஒரு வீசு வீசி, கூடவே ஒரு சிரிப்பு சிரிப்பேன். வாய் நெறய. அந்தச் சிரிப்புக்கே பாதி யாவாரம் முடிஞ்சிடும். எடுக்கலாமா வேணாமான்னு ரெண்டு மனசா இருக்கறவங்களுக்கு வேற இன்னா வேணும்? எதிர்ல ஒருத்தன் சந்தோசமா இருக்கணும், அவ்ளோ தான்.

அப்டி இருந்தவன் சார்.

முதலாளி ராஜவேலு அய்யாவுக்கு ஒரே பையன், விஷால். தங்கமான புள்ள, தப்பு சொல்ல முடியாது. ஆனா கையில எப்பவும் ஃபோனு. "அண்ணா, ரீல்ஸ் போடலாம்ணா, நீங்க எப்பவும் போல விரிங்க, எப்பவும் போல சிரிங்க, நான் எடுத்துக்கறேன்"னான். சரின்னு ஒரு மாம்பழக் கலர் புடவைய எடுத்து வீசி சிரிச்சேன். போட்டான். ஊரே பாத்துச்சு சார்! மார்க்கெட்ல கீரைக்காரம்மா "உன்ன ஃபோன்ல பாத்தேன்"னுது. எனக்கு தரையில காலே பாவல. வூட்டுக்கு வந்து பொண்ணு காயத்ரி ஃபோன வாங்கி, யாரு யாரு இன்னா எழுதி வெச்சுக்கறாங்கன்னு ஒவ்வொன்னா தள்ளிப் பாக்கறேன். சூப்பர், சூப்பர், வெல என்ன, சூப்பர்... நடுவுல ஒருத்தன் எழுதிக்கறான், "கோடு ரொம்ப தெரியுது. அது மட்டும் இல்லன்னா சூப்பரா இருக்கும்."

கோடா? எந்தக் கோடு?

வீடியோவ நிறுத்திப் பெருசு பண்ணிப் பாத்தேன். என் மூஞ்சி சார்! அய்யய்யோ... நான் என் மூஞ்சிய அப்டிப் பாத்ததே இல்ல. ஷேவிங் பண்றப்போ யாரு சிரிச்சுக்கினு பண்றாங்க? உம்முனு தானே பண்றோம். சிரிச்சா நான் எப்டி இருப்பேன்னு ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியல. மூக்குக்கு ரெண்டு பக்கமும் வாய்க்கா வெட்டின மாரி எறங்குது. நானும் சும்மா இருந்துருக்கலாம். தெருக்கோடியில ஒருத்தரு வழுக்கத் தலையோட ராஜா மாரி சுத்திக்கினு இருக்கறாரு, அவருக்கு இல்லாத கவலையா? ஆனா மனசு கேக்கல சார். கண்ணால பாத்துட்டனே!

சரி, பொம்பளைங்க பண்றது தானே, நாமளும் பண்ணுவோம்னு ஃபோன்ல தேடினேன். அவ்ளோ தான், அது புடிச்சுக்கிச்சு என்ன. நான் வேஷ்டி மடிப்புன்னு தேடினாகூட கோடு போக்கற வீடியோ தான் வருது. ஒரு பொண்ணு வருவா, மூஞ்சி கண்ணாடித் தம்ளர் மாரி இருக்கும். "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், உங்க கிச்சன்ல இருக்கற பொருளே போதும்"ம்பா. அவளுக்கு இன்னா வயசு? இருபது இருக்கும். அவளுக்கு எங்க கோடு? அத்த யோசிக்கற புத்தி அப்ப எனக்கு இல்ல.

மொதல்ல வாழப்பழம். நல்லா மசிச்சு, தேன் வுட்டு, பூசிக்கினு கொல்லைப்பக்கம் உக்காந்தேன். எறும்பு வந்துச்சு சார். ஒன்னு ரெண்டு இல்ல, ஊர்கோலமா வருது. கோட்டுக்குள்ள எறங்கி நடக்குது, ரோடு போட்டுக் குடுத்தா மாரி! மறுநாள் கன்னம் ரெண்டும் பன்னு. முதலாளி "பல்லு வலியாடா"ன்னாரு. ஆமாங்கன்னுட்டேன்.

அப்பறம் ஸ்பூனு. ஃப்ரீசர்ல வெச்சு, ஜில்லுனு எடுத்து, கீழேர்ந்து மேல இழுக்கணும். எப்பவும் மேல தான், கீழ இழுத்துட்டா போச்சாம். எங்க வூட்ல... சங்கீதா, என் சம்சாரம்... காப்பிக்கு ஸ்பூன் தேடறா. "எல்லாம் எங்கங்க போச்சு?" எனக்கு இன்னா தெரியும்னேன். ஐஸ் எடுக்க ஃப்ரீசரத் தொறந்தவ அப்டியே நின்னுட்டா. உள்ள அத்தினி ஸ்பூனும் வரிசையா படுத்துக்கினு இருக்குது. "எறும்பு வராம இருக்க வெச்சேன்"னு சொன்னேன் சார். இருபது வருசத்துக்கு மேல யாவாரம் பண்ற வாயி, அதுக்கு வந்த பொய்யப் பாருங்க.

பஸ்ஸுல போறப்போ எக்சர்சைஸ். கன்னத்துல காத்த அடச்சு வெச்சுக்கணும், அப்பறம் 'ஓ'ன்னு வாயக் குவிக்கணும். ஜன்னலப் பாத்து தான் குவிச்சேன், மெய்யாலுமே! ஸ்டாப்பிங்ல நின்ன ஒரு அம்மா என்னையே மொறைச்சுப் பாத்துச்சு. செருப்பத் தான் கழட்டல. அன்னியோட பஸ் எக்சர்சைஸ நிறுத்திட்டேன்.

இருங்க சார், மெயின் மேட்டரே இனிமே தான். டேப்பு. தூங்கறப்போ கோட்ட இழுத்துப் புடிச்சு டேப்பு ஒட்டிக்கினு படுக்கணுமாம். தனியா டேப்பு இருக்குதாம் அதுக்குன்னு. நான் யாரு? புடவை டப்பாவுக்கு ஒட்டற டேப்பு இங்கயே கெடக்குதேன்னு ஒட்டிக்கினேன். காலையில புடுங்கறேன்... வலது பக்கம் பாதி மீசை டேப்போட வந்துடுச்சு! அந்த மீசைய வெச்சுக்கினு தான் சார் என்னப் பொண்ணு பாக்கப் போனேன்... இல்ல, நான் தான் பொண்ணு பாக்கப் போனேன், பாருங்க வாய் கொழறுது. பாதி மீசையோட கடைக்கு வர முடியுமா? மீதியையும் எடுத்துட்டேன். எடுத்துட்டுக் கண்ணாடியப் பாக்கறேன்... மீசை இருந்த வரைக்கும் கோட்ட மேல கொஞ்சம் மறைச்சுக்கினு இருந்துருக்குது சார். இப்ப முழு நீளத்துக்குத் தெரியுது. நானே தெறந்து வெச்சுட்டேன், பாத்துக்கோங்கன்னு.

அன்னிக்குத் தான் காயத்ரி புடிச்சுட்டா. அவ ஒரகடம் பக்கம் கம்பெனியில வேல பாக்கறா, எங்கள மாரி இல்ல, வெவரமான பொண்ணு. "அப்பா, மீசை எங்கப்பா?" சொல்லித் தொலைச்சேன். அந்தக் கமெண்ட்டையும் காட்டினேன். படிச்சா. படிச்சுட்டு தரையில உக்காந்துட்டா சிரிச்சு. "அப்பா, அது உன் மூஞ்சிய சொல்லலப்பா! புடவையில மடிப்புக் கோடு தெரியுதுன்னு எழுதிக்கறாங்க. கீழ பாரு, விஷால் அண்ணா பதில் போட்டுருக்குது, அயர்ன் பண்ணிட்டுத் தருவோம்னு!"

கேட்டீங்களா? புடவைக் கோடு சார்.

அதோட வுட்டுருந்தா நான் மனுசன். ஆனா அதுக்குள்ள எனக்குக் கோடு தெரிஞ்சு போச்சே! யாரு சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா, மூஞ்சியில இருக்குதுல்ல? காயத்ரி சொல்றா, "வயசானா வரும்பா, அழகா தான் இருக்குது, வுடுப்பா"ன்னு. வயசானான்னு சொன்னா பாருங்க, அது போதாதா? அம்மா கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கினேன். அங்க தான் சார் எல்லா பேஜாரும் ஆரம்பிச்சுது. சங்கீதா கிட்ட சொல்லிருந்தேன்னா ஒரு நாள் கேலி பண்ணிருப்பா, ரெண்டு நாள் பண்ணிருப்பா, முடிஞ்சு போயிருக்கும். வெக்கம் சார். ஆம்பள போய் மூஞ்சிக்குப் பூசிக்கறேன்னு எப்டி சொல்றது?

அப்பறம் ஒரு டாக்டர் மாரி கோட்டு போட்ட ஆளு, டாக்டரான்னு தெரியாது, வீடியோல சொல்றான், "தேவையில்லாம சிரிக்கறதக் கொறைங்க. மொகம் எவ்ளோ அசையுதோ அவ்ளோ கோடு." எனக்கு அப்டியே பொறி தட்டுச்சு. செலவே இல்லாத வைத்தியம்! சிரிக்கலன்னா போச்சு.

நிறுத்திட்டேன் சார். சிரிப்ப. கடையில, வூட்ல, எங்கயும். வாய மட்டும் லேசா தெறந்து மூடறது, கன்னம் அசையாம. யாருனா ஜோக்கு சொன்னா "ம்... நல்லா இருக்குது"ம்பேன். 

தென்னேரியிலேர்ந்து ஒரு கல்யாணப் பார்ட்டி வந்துது. வேன் புடிச்சு வந்தவங்க. என் பேரச் சொல்லிக் கேட்டு என் கவுண்டர்லயே உக்காந்தாங்க. அரக்குல ஒன்னு விரிச்சேன், நல்ல ஐட்டம், கையில புடிச்சா கனமா நிக்கும். வீசினேன். ஆனா மூஞ்சி கல்லு. பொண்ணோட அம்மா என் மூஞ்சியப் பாக்குது, புடவையப் பாக்குது, திரும்ப என் மூஞ்சியப் பாக்குது. "ஏங்க, நல்லா இருக்குமா?" "இருக்கும்." "சாயம் போவாதே?" "போவாது." எழவு வூட்ல பதில் சொல்றா மாரி சொல்றேன். அந்தம்மா பக்கத்துல இருந்தவங்க காதுல குசுகுசுன்னுது, எனக்குக் கேட்டுச்சு... "இவருக்கே புடிக்கல போலக்குது, இதுல ஏதோ கொற இருக்குது." எழுந்துட்டாங்க சார். மொத்தப் பார்ட்டியும். எதுத்தாப்ல இருக்கற கடைக்குள்ள போனதக் கண்ணால பாத்தேன்.

முதலாளி தனியா கூப்ட்டாரு. "கண்ணாயிரம், வூட்ல யாருக்குனா முடியலயா?" "இல்லீங்க." "கடன் கிடன்?" "இல்லீங்க." "பின்ன இன்னாடா, கொஞ்ச நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு இருக்கறே?" நான் இன்னா சொல்லுவேன்? மூஞ்சியத் தூக்கி வெக்கத் தான் இத்தினியும் பண்றேன்னா? "சரி, கொஞ்ச நாளைக்குக் கீழ வேஷ்டி செக்‌ஷனப் பாத்துக்கோ. அங்க யாரும் மூஞ்சியப் பாத்து வாங்கறதில்ல"ன்னுட்டாரு. நல்ல மனுசன், கோவமாகூட சொல்லல. அது தான் சார் இன்னும் குத்துது.

வூட்ல சொல்லல இதயும்.

கீழ வந்தப்பறமாச்சும் புத்தி வரணும்ல? வரல. பட்டு செக்‌ஷனே போனதுக்கப்பறம் கோடும் போவலன்னா எப்டின்னு வெறி புடிச்சுது. கடைசியா ஒன்னு பாக்கலாம்னு... முட்டை.

மெதுவா சொல்றேன் சார். எங்க வூடு சுத்த சைவம். பிள்ளையார்பாளையத்துல எங்க தெருவே அப்டித் தான். முட்டை எங்க வாசப்படி ஏறினதில்ல. வெள்ளக்கருவ அடிச்சுப் பூசினா இழுத்துப் புடிக்கும், கோடு இருந்த எடம் தெரியாதுன்னு அந்தக் கண்ணாடித் தம்ளர் பொண்ணு சொல்லிட்டாளே! லீவு நாளு, பிரதோஷம் வேற. சங்கீதா ஏகாம்பரநாதர் கோயிலுக்குக் கெளம்பினா, அபிஷேகம் முடிஞ்சு தான் வருவா. காயத்ரி வேலைக்குப் போயிருக்கா. டிபன் டப்பாவுல பஞ்சு வெச்சு, அதுக்குள்ள ஒரே ஒரு முட்டையப் படுக்க வெச்சுக் கொண்டாந்தேன், பச்சக் கொழந்தையக் கொண்டாற மாரி. ஒடச்சு, பிரிச்சு, பூசி, ஃபேனுக்குக் கீழ படுத்துட்டேன். காயற வரைக்கும் வாயத் தெறக்காதீங்க, அசையாதீங்கன்னு சொல்லிருக்கா. காயுது... அப்டியே மூஞ்சியத் தறியில போட்டு இழுத்துக் கட்டினா மாரி இறுகுது. கண்ணாடியில பாத்தேன். சார், பொய் சொல்லக்கூடாது... கோட்டக் காணோம்! மூஞ்சி பளபளன்னு இருக்குது!

வாசக்கதவு தெறக்குது.

கோயில்ல கூட்டமாம், வெளியே இருந்தே கும்புட்டுட்டு வந்துட்டா. டப்பாவையும் கிண்ணத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு உக்காந்தேன். "இன்னாங்க, வேர்த்து வழியுது?" பளபளப்ப வேர்வன்னு நெனச்சுட்டா. நான் "ஒன்னும் இல்ல"ன்னு சொல்றேன், வாய் வரல! ஒதடு ரெண்டும் ஒட்டிக்கினு "ஒன்... மில்..."ன்னு வருது. அவ மூஞ்சி அப்டியே வெளுத்துப் போச்சு சார். அவங்க அப்பா வாதத்துல தான் போனாரு. அவரும் இப்டித் தான், ஒரு சாயந்தரம் வாய் கொழறி... "என்னங்க! என்னங்க!"ன்னு என் கன்னத்தப் புடிச்சு ஆட்டறா. கன்னம் அசைஞ்சா தானே? மரக்கட்டை மாரி இருக்குது.

முட்டைன்னு சொல்லிடலாம்னு தான் பாத்தேன். "மு... மு..."ங்கறேன். அதுக்குள்ள தெருவே கூடிப்போச்சு. "அய்யோ, முருகா முருகான்னு சாமியக் கூப்புடறாரே!"ன்னு எதிர் வூட்டம்மா ஒப்பாரி வெச்சுடுச்சு. அத்தினி பேருக்கு முன்னால முட்டைன்னு எப்டி சார் சொல்றது? வாய மூடிக்கினேன். சங்கீதா கோயில் விபூதிய எடுத்து நெத்தியில, கன்னத்துலன்னு அள்ளிப் பூசினா. அது வேற நல்லா ஒட்டிக்கிச்சு. கைலாசம் ஆட்டோவ ஸ்டார்ட் பண்ணிட்டான். அவன் எங்க தெரு தான், ஆடி அசைஞ்சு தான் ஓட்டுவான் சாதாரணமா, அன்னிக்குப் பாக்கணும், பள்ளம் மேடு பாக்கல. ஆட்டோவுல என் கைய இறுக்கிப் புடிச்சுக்கினு வந்தா. வெரல் நோவுது, அவ்ளோ இறுக்கு. சொல்லிடுடா, சொல்லிடுடான்னு மனசு அடிச்சுக்குது. கைலாசம் கண்ணாடியில பாக்கறான். சொல்லல. ஆஸ்பத்திரி உள்ள போய் தனியா சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். கோழை சார் நானு.

டாக்டர் சின்னப் பொண்ணு. ஓடி வந்து நாடி புடிச்சுக்கினே, "எப்பலேர்ந்துமா இப்டி?"ன்னு சங்கீதாவக் கேட்டாங்க. அவ சொல்றா...

இருங்க சார், தண்ணி குடிச்சுக்கறேன்.

அவ சொல்றா, "இன்னிக்கி இல்ல டாக்டரம்மா. கொஞ்ச நாளாவே இவரு மொகம் சரியில்ல. சிரிக்கறதே இல்ல. நான் தான் கவனிக்காம வுட்டுட்டேன். என் தம்பி வூட்டு கிரகப்பிரவேசத்துல இவருக்கு சரியா மரியாத செய்யல, அந்தக் கோவம்னு நெனச்சுக்கினேன். இவருக்காகத் தம்பி கூட சண்ட போட்டுட்டு வந்துட்டேன். அவன் ஃபோன் பண்ணாகூட எடுக்கறதில்ல. இது நோவுன்னு எனக்குத் தெரியலயே..." சொல்லிட்டு அழுவறா சார். தேம்பித் தேம்பி.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. சிவபாலன், என் மச்சான், செவிலிமேட்டுல புது வூடு கட்டினான். தாம்பாளத்துல வேஷ்டி வெச்சு, பந்தியில மொத எலையில உக்கார வெச்சான் என்ன. ஒரு கொறையும் வெக்கல. நான் தான் அங்கயும் சிரிக்காம உக்காந்துருந்தேன், ஃபோட்டோகிராஃபர் வேற இருந்தானா... கோடு தெரியுமேன்னு. அத்த இவ மனசுல போட்டுக்கினு, கூடப் பொறந்தவன் கிட்ட பேச்ச நிறுத்திட்டுருக்கா. எனக்குத் தெரியாது. என் பக்கத்துல தான் படுத்துக்கறா, எனக்குத் தெரியாது சார். நான் தான் கண்ணாடியவே பாத்துக்கினு இருந்தனே.

டாக்டரம்மா டார்ச்ச அடிச்சு, "அய்யா, கைய ரெண்டையும் தூக்குங்க"ன்னாங்க. தூக்கினேன். "இப்ப பல்லு தெரிய நல்லா சிரிங்க பாப்போம்"னாங்க. வாதம் வந்துருக்குதான்னு அப்டித் தான் பாப்பாங்களாம்.

சிரிக்கணும்! ஊர்ல எவ்ளோவோ டெஸ்ட் இருக்குது, எனக்குன்னு வந்துச்சு பாருங்க அது. சங்கீதா கைகூப்பிக்கினு நிக்கறா, நான் சிரிக்கணும்னு. வேற வழி? சிரிச்சேன்... பட்டு பட்டுனு வெடிச்சுது சார் மூஞ்சி! விபூதியும் முட்டையுமா சேந்து சுண்ணாம்புச் செவுரு உதிர்ற மாரி, பொரிப் பொரியா வுழுது சட்டையில. டாக்டரம்மா பயந்து ஒரு எட்டு பின்னால போய்ட்டாங்க. நர்ஸம்மா தான் குனிஞ்சு மோந்து பாத்துட்டு, "டாக்டர், முட்டை"ன்னுச்சு.

கட்டில்ல உக்காந்துக்கினே எல்லாத்தயும் சொன்னேன். ரீல்ஸு, எறும்பு, ஸ்பூனு, மீசை, தென்னேரி பார்ட்டி, வேஷ்டி செக்‌ஷன் எல்லாம். டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கினாங்க, தோள் குலுங்குது. சங்கீதா சிரிக்கல. முந்தியால கண்ணத் தொடச்சா. ஒரு வார்த்த பேசல. எழுந்து, கைலாசம் ஆட்டோவுல ஏறிப் போய்ட்டா. நான் பஸ்ஸுல வந்தேன், சட்டையெல்லாம் முட்டை நாத்தத்தோட. பக்கத்துல யாரும் உக்காரல. வூட்டுக்கு வந்தா, முட்டை அடிச்ச கிண்ணம் தெருக்குப்பையில கெடக்குது, நல்ல பித்தளக் கிண்ணம் சார். வூடு முழுக்கக் கழுவி வுட்டுருக்கா. சாப்பாடு வெச்சா. பேசல. அடுத்த நாளும் பேசல. அதுக்கடுத்த நாளும். அவ பேசாம இருந்தா அந்த வூட்ல இருக்க முடியாது சார். தறிச் சத்தம் நின்னுட்ட தெரு மாரி இருக்கும்.

நான் தான் ஒரு நாள் சட்டைய மாட்டிக்கினு, "வா, சிவபாலன் வூட்டுக்குப் போலாம்"னேன். ஏன்னு கேக்கல. செருப்ப மாட்டிக்கினா. பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து வெளியவே பாத்துக்கினு வந்தா.

சிவபாலன் கதவத் தெறந்தான். என்னப் பாத்துட்டு, "வாங்க மாமா"ன்னான், கொரல்ல உசுரே இல்ல. அக்காவப் பாத்தான், தலயக் குனிஞ்சுக்கினான். நான் உள்ளகூடப் போவல சார். வாசல்லயே நின்னு, "மச்சான், உன் வூட்டு விசேஷத்துல நான் உம்முனு இருந்தது உன் மேல கோவத்துல இல்ல, என் மூஞ்சி மேல கோவத்துல"ன்னேன். முழிக்கறான். இன்னா பண்றது, மொதல்லேர்ந்து சொன்னேன். எறும்பு வந்ததச் சொன்னேன். அவன் பொண்டாட்டி அடுப்ப அணைச்சுட்டு வந்து நின்னுடுச்சு. முட்டைக்கு வந்தேன். "வாய் வரல, 'ஒன்னும் இல்ல'ன்னு சொல்றேன், வரல..."ன்னேன். அப்ப பின்னாலேர்ந்து ஒரு கொரலு...

"அப்டி ஒன்னும் சொல்லல. 'மு மு'ன்னு சொன்னாரு."

சங்கீதா தான்! எத்தினி நாளுக்கு அப்பறம் வாயத் தெறக்கறா! "மாட்டு கன்னுக்குட்டி மாரி 'மு மு'ங்கறாரு. நான் போய் விபூதி பூசறேன். அந்தாண்ட எதிர் வூட்டுக்காரி முருகாங்கறா..." சொல்லிக்கினே வராளா, அவளுக்கே அடக்க முடியல. கதவப் புடிச்சுக்கினு சிரிக்கறா. சிவபாலன் படிக்கட்டுல உக்காந்துட்டான். நான் வாய இறுக்கி வெச்சுக்கினு, "மு... மு..."ன்னு செஞ்சு காட்டினேன், இப்டி. அவ என் முதுகுல ஒரு அடி வெச்சா பாருங்க, இன்னும் வலிக்குது. அவ சிரிக்கறப்போ நேரா பாத்தேன் சார். அவளுக்கும் இருக்குது. என்ன வுட ஆழமா, ரெண்டு பக்கமும். கல்யாணம் ஆன நாளா எதிர்ல பாத்துக்கினு இருக்கறேன், கோடுன்னு ஒருநாளும் தோணினதில்ல. சங்கீதா சிரிக்கறான்னு தான் தோணிருக்குது.

அக்காவும் தம்பியும் அன்னிக்கு ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேசினாங்க. நான் பேசல. எனக்குப் பேச எடமே குடுக்கல. நல்லா இருந்துச்சு.

அவ்ளோ தான் சார். இப்ப தெருவுல எல்லாருக்கும் தெரியும். கைலாசம் என்னப் பாத்தா ஹாரன "மூ மூ"ன்னு அடிக்கறான். அடிச்சுக்கட்டும். முதலாளி கிட்டயும் எல்லாம் சொல்லிட்டேன், மேல போறேங்கன்னு கேட்டேன். அவரு இன்னும் நம்பல. பொங்கல்னுட்டாரு. மீசை நல்லா மொளைக்கட்டும்னு பாக்கறாரோ இன்னாவோ...

ஆங்? என்னத் தான் கூப்புடறாங்களா? யாருப்பா, விஷாலா? ... இன்னாது? ... அரக்கும் வேணாம், பச்சையும் வேணாம்னு எழுந்துட்டாங்களா? எந்த அம்மா? ... சார், உங்க வூட்டம்மா! ... நானா? மேலயா? முதலாளி சொன்னாரா? ... வரேன், வரேன்பா! அவங்களுக்கு ஒரு வாய் காப்பி குடுத்து உக்கார வை, அந்தக் கடைசி அடுக்குல இருக்கறத எதையும் நீ பிரிக்காத, நான் வந்து பிரிக்கறேன்!

வாங்க சார், சேந்தே போலாம். ஏன் சார், நில்லுங்க, ஏன் கைய இழுக்கறீங்க? ... இன்னாது? காதுல சொல்லுங்க, கேக்கல... எந்த வீடியோவா? யாருக்கு? ... ஓ... உங்களுக்கா! கல்யாணத்துக்குள்ளயா! அதான் அப்பலேர்ந்து அந்தக் கண்ணாடியவே பாத்துக்கினு இருந்தீங்களா... சிரிக்கல சார், நான் சிரிக்கல. சரி, சிரிக்கறேன், போவட்டும். காட்டறேன் சார், எல்லாத்தயும் காட்டறேன். ஆனா எது பூசறதா இருந்தாலும் மொதல்ல வூட்ல சொல்லிட்டுப் பூசுங்க. ஏறுங்க, ஏறுங்க, அம்மா காத்துக்கினு இருக்காங்க.